அடியார்க்கு அழுகை இழுக்காமோ?

சிவமயம்

சிவதீக்கை பெற்று, நாடோறும் பூசையும் திருமுறைப் பாராயணமும் வழுவாது இயற்றிவரும் ஒருவர்க்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்து, அதனால் மனம் உடைந்து, உண்ணவும் உறங்கவும் மாட்டாராய்க் கண்ணீர் பெருக்கிக் கிடப்பாராயின், அஃது அவர்தம் பத்தியின் குறைவைக் காட்டுமோ, காட்டாதோ? இவ்வினாவைச் சித்தாந்த வகுப்புக்களில் மாணவர் எழுப்பப் பலகாற் கேட்டிருக்கின்றேன். விடையும் பலகாற் கூறியிருக்கின்றேன். யான் கூறிவந்த விடை பிழையுடைத்தென்பதைத் துயருற்ற ஒருவரே எனக்கு அறிவுறுத்திய பின்னர் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என்பால் இளமையில் தமிழ் பயின்றவர் ஒருவர். பெயர் ஈண்டு வேண்டா. இருபது ஆண்டுகளாகச் சிவபூசை இயற்றிவந்தவர். பண்ணோடு திருமுறை ஓத வல்லவர். 2021 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை நம் நாட்டை வருத்திய வைகாசியில், அவர்தம் மனைவியார் பத்து நாள் நோயிற் கிடந்து மருத்துவமனையிலேயே காலமாயினார். அருகிருந்து ஒரு வாய் நீர் வார்க்கவும் அவர்க்கு வாய்க்கவில்லை. உற்றார் கூடி அழுதற்கும் அந்நாளில் இடமில்லை. ஐப்பசியில் ஒருநாள் என் இல்லத்திற்கு வந்தார். பூசைப் பெட்டியைத் திறந்து அதன் முன்னர் நெடுநேரம் வாளா இருப்பதாகவும், கை எழவில்லை என்றும், சிறு பருவந்தொட்டு ஓதிய பதிகங்கள் வெறும் ஒலியாய்த் தோன்றுகின்றன என்றும், இரவில் உறக்கம் இல்லை என்றும் சொன்னார். சொல்லும்போதே விம்மினார்.

யான் கூறியது இது: "தம்பி, எல்லாம் வினைப்பயன். வந்ததை நுகர்ந்தே கழித்தல் வேண்டும். பூசையை ஒருநாளும் விடலாகாது. அடியார்க்கு அழுகை அழகன்று." அவர், "ஆம் ஐயா" என்று வணங்கித் திருநீறு பெற்றுச் சென்றார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் என்பால் வந்திலர்.

அன்று யான் கூறியவற்றுள் சாத்திரத்திற்கு மாறான சொல் யாதும் இல்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னர்த் திருஞானசம்பந்த சுவாமிகள் தேவாரத்தை வரிசையிற் பாராயணம் செய்துவரும்போது திருநீலகண்டத் திருப்பதிகத்தில் வந்து நின்றேன். அப்பதிகம் தோன்றிய வரலாற்றை இவ்விதழ் அன்பர்கள் அறிவர். கொங்கு நாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில், இக்காலத்தார் திருச்செங்கோடு என வழங்கும் தலத்தில், பிள்ளையாருடன் போந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றி வருத்தியது. பிள்ளையார் அதனைக் கேட்டு அப்பதிகம் பாடினார். அதன் முதற் பாட்டிலேயே அடியார்களை நோக்கி, இஃது முன்செய்த இன்ன வினைக்கு இன்ன பயன் என்று சொல்லிக்கொண்டு, உய்யும் வழியை நாடாது இருந்துவிடுதல் உங்களுக்குக் குறையன்றோ என்னும் கருத்துப்பட வினவுகின்றார். சிறுவயது முதல் எத்துணை முறை ஓதிய பாட்டு! யான் என் மாணவர்க்குக் கூறிய அச்சொல்லையே ஆளுடைய பிள்ளையார் எடுத்துக்காட்டிக் குறையென்கின்றார் என்பது அன்றுதான் என் நெஞ்சில் தைத்தது.

பிள்ளையார் வினையுண்மையை மறுத்தாரல்லர். வினைப்பயன் என்னும் உண்மையை, உற்ற நோய்க்கு மருந்து தேடாமைக்குக் காரணமாகக் காட்டுதலையே மறுத்தார். சுரத்தால் நடுங்குவோரிடம் "நடுங்குதல் அடியார்க்கு அழகன்று" என்று அவர் கூறினாரில்லை என்பதையும் நோக்குக.

சுரம் உடல்நோய், துயரமும் மனச்சோர்வும் அறிவின் குறை, இரண்டும் ஒன்றாமோ எனின், ஈண்டுத்தான் சித்தாந்த நூல்களை ஊன்றிக் கற்றல் வேண்டும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் ஆன்ம தத்துவம் 24 இல் அடங்குவன. கண்ணும் செவியும் மூக்கும் எவ்வாறு மாயையின் காரியமோ அவ்வாறே மனமும் மாயையின் காரியம்; சடம். அவற்றுள் ஒன்றும் ஆன்மாவன்று என்பதே சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்துத் துணிபு. அரசன் அமைச்சரோடு கூடி நின்று தொழிற்படுமாறு போல, உயிர் அந்தக்கரணங்களோடு கூடி நின்று அறியும் என மெய்கண்ட தேவர் அங்கே உவமை காட்டினார். அமைச்சன் நோயிற் படுத்தால் அரசன் அரசனல்லாது ஒழியான். ஆயினும் அன்றைய அரசுகாரியம் தடுமாறும். அமைச்சனுக்கு மருத்துவரை வருவியாது, அவனைச் சோம்பன் என்று கடிவது அரசர்க்கு முறையாகாது. (உவமையை இத்துணை நீட்டுதல் தகுமோ என வினவும் அறிஞர் பொறுத்தருள்க, மாணவர்க்குப் பாடஞ் சொல்லிப் பழகிய வாய்.)

கண்ணிற் படலம் படர்ந்தார் ஒருவர் கோயிலுட் சென்று திருமேனியைத் தெளியக் காண மாட்டாராயின், அவர்க்குப் பத்தியில்லை என்று எவரேனும் கூறுவரோ? கண் மருத்துவரிடம் செல்க என்றே கூறுவர். மனமாகிய கருவி பழுதுற்று, ஓதிய பதிகத்திற் சுவை காணமாட்டாதவரை மட்டும் பத்தியிற் குறைந்தவர் என்பதற்கு நியாயம் யாது? ஒரு கருவியின் நோயை நோயென்றும், மற்றொரு கருவியின் நோயைக் குற்றமென்றும் கொள்ளுதல் தத்துவ ஆராய்ச்சி உடையார்க்கு ஏலாது. மனத்தைத் தானென்று மயங்குவோரே மனத்தின் நோயைத் தம் இழிவாகக் கருதி மறைப்பர். நாம் அம்மயக்கத்தை வகுப்பில் மறுத்துவிட்டு வீட்டில் மேற்கொள்கின்றோம்.

இருவினையொப்பு என்பதையும் பலர் பிறழ உணர்ந்துள்ளனர். இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்கும் நிலை கைவந்தார்க்கே மலபரிபாகமும் சத்திநிபாதமும் கூடும் எனக் கேட்டு, ஆதலின் துன்பம் வந்தபோது ஒன்றும் உணராதார் போல முகத்தை வைத்துக்கொள்ளுதலே இருவினையொப்பு எனக் கொண்டுவிட்டனர். வேப்பங்காயின் கைப்பை நா உணராமை ஒப்பு ஆகாது. அது நாவின் கேடு. கைப்பு கைப்பாகவே உணரப்படும். உயிர் அதனை வெறுத்து ஓடாதும், வேறொன்றை அவாவி மயங்காதும் நிற்றலே ஒப்பு. பிராரத்தத்தை நம் நூல்கள் "ஏன்ற வினை" எனத் தமிழில் வழங்கும். ஏன்ற என்பது ஏல் என்னும் பகுதியடியாகப் பிறந்து, ஏற்றுக்கொண்ட எனப் பொருள்படும். உணர்ந்ததை உணரவில்லை எனப் பொய்த்தல் ஏற்றுக்கோடலாகுமோ? மறுத்தலேயாகும்.

திருவள்ளுவனார் இடுக்கண் வருங்கால் நகச் சொன்னாரன்றோ என எதிர்மொழிவார் உளர். சொன்னார். அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியலின் இறுதியில் வைக்கப்பட்டதனை அவர்கள் கருதுவாரல்லர். வினைமேற்கொண்டு முயல்வான் இடையூறு கண்டு தளராமைக்கு அஃது கூறப்பட்டது. பிணத்தின் அருகிருந்து அழுவாள் ஒருத்தியிடம் சென்று அதனை ஓதுதற்கன்று. நண்பனது இடுக்கணை விரைந்து களைதலே நட்பாவது என்பதனையும் அப்பெருமானே நட்பு என்னும் அதிகாரத்தில் ஓதினார்.

இனித் திருத்தொண்டர் புராணத்தை நோக்குவோம். திருவாமூரிலே புகழனார் நோயுற்று உலகு நீங்கினார், மாதினியார் உடன்சென்றார். பெற்றோரை இழந்த திலகவதியார்க்கு, தம்மை மணக்க உறுதி செய்யப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார் என்னும் செய்தியும் தொடர்ந்து வந்தது. அவ்வம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தார். தம்பியாராகிய மருணீக்கியார் அடிவீழ்ந்து அழுது, அம்மையையும் அத்தையும் இழந்த பின்னும் நும்மை வணங்கப் பெறுதலால் உயிர் தாங்கினேன்; நீரும் என்னைக் கைவிடின் யானே முன்னர் உயிர் நீப்பேன் என்றார். அச்சொற் கேட்டே அம்மையார் உயிர் தரித்தார். இவ்விடத்துச் சேக்கிழார் பெருமான், அம்மையார் சாகத் துணிந்தமையை மறைத்தாருமல்லர். அதன் பொருட்டு அவரைக் குறைகூறினாருமல்லர். மருணீக்கியார் தமக்கையார்க்கு நிலையாமை உபதேசம் செய்தாருமல்லர். "நீர் எனக்கு வேண்டும்" என்பதே அவர் சொன்னதன் சாரம். பின்னாளில் உலகுக்கு ஒரு திருநாவுக்கரசர் கிடைத்தது, அன்று ஒரு தம்பி அழுது, ஒரு தமக்கை அதனைக் கேட்டமையால் என்க.

துயரை மறைத்தற்கு அப்பூதியடிகள் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. திங்களூரில் நாவுக்கரசர்க்கு அமுது செய்விக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மைந்தன் அரவு தீண்டி இறந்தான். பெற்றோர் அவ்வுடலை ஒருபால் மறைத்துவைத்து, முகத்தில் வாட்டம் தோன்றாதவாறு விருந்தினரை அமுது செய்ய அழைத்தனர். அடியவர்பால் வைத்த அன்பே அவ்வாறு செய்வித்தது. அவ்வன்பின் பெருமையைப் பேச யார் வல்லார்! ஆயினும் பின் நிகழ்ந்ததைக் காண்க. அரசர் எல்லார்க்கும் திருநீறு அளிக்கும்போது மூத்த மகனையும் அழைக்குமாறு பணித்தார். அடிகள், அவன் இப்போது இங்கு உதவான் என்றார். பொய்யும் அன்று; மெய்யும் அன்று. அம்மொழி கேட்ட நாவுக்கரசர் திருவுள்ளம் தடுமாறிற்று. இதனை என் உள்ளம் ஏலாது. நிகழ்ந்த உண்மையை உரைமின் என்றார். அதன்பின்னரே அடிகள் நடுங்கி உண்மையை உரைத்தார். உடல் திருக்கோயில் முன்னர்க் கொணரப்பட்டது, பதிகம் பாடப்பட்டது, மைந்தன் எழுந்தான்.

இவ்வரலாற்றை யான் முப்பதாண்டு பாடஞ்சொன்னேன். விருந்தோம்பலின் உயர்வையும், பதிகத்தின் பெருமையையும் விரித்துரைத்தேன். நடுவே நின்ற அவ்வொரு நிகழ்ச்சியை, அஃதாவது மறைத்த துயரை ஒரு பெரியவர் உணர்ந்து "சொல்" என்று கேட்டதனை, விரைந்து கடந்துசென்றேன். சோறு உண்ணாது, இலைமுன் அமர்ந்தவாறே, அரசர் அதனைக் கேட்கின்றார். உண்மை வெளிப்படாத வரையில் அருட்பாடலுக்கும் இடம் பிறக்கவில்லை.

திருமருகலிலும் அஃதே. காதலனை அரவு தீண்ட, மணம் நிறைவேறாமையின் அவனுடலைத் தீண்டவும் இயலாது இரவெல்லாம் அழுதாள் ஒரு வணிகக் கன்னி. திருக்கோயிலுக்கு எழுந்தருளும் பிள்ளையார் அவ்வழுகுரலைக் கேட்டு அங்கே சென்றார். அவர் பாடிய பதிகம் அவளை நோக்கிய அறிவுரையாக அமையவில்லை. அவள் அழுகையையே எடுத்து, இவள் இன்னவாறு அரற்றுகின்றாள், இன்னவாறு மயங்குகின்றாள், இவளை இவ்வாறு மெலிவித்தல் நினக்குத் தகுமோ என்று இறைவனிடம் முறையிடுவதாக அமைந்தது. அவளால் பாட இயலாது. பிள்ளையார் அவள்பொருட்டுப் பாடினார். சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அன்பரொடு மருவுதலை ஓதியது, கூடியிருந்து உண்டு கலைதற்கு மட்டுந்தானோ என்று எண்ண வேண்டியிருக்கின்றது.

மாணிக்கவாசகப் பெருமான் உத்தரகோசமங்கையில் அருளிச்செய்த நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டு. என்னைக் கைவிடாதே என்னும் ஒரு வேண்டுகோளே ஐம்பது முறையும். ஒருமுறை சொல்லி அமைதி பெற்றுவிட்டாரில்லை அவர். கைவிடப்பட்டேனோ என்னும் அச்சத்தை நாம் பிறரிடம் ஒருமுறை கூறவும் நாணுகின்றோம். நம் ஓதுவார்களோ அதனை இன்னிசையாக்கி ஓதுகின்றனர். யாமும் தலையசைத்துக் கேட்கின்றோம். அப்பாட்டின் உள்ளே நின்று ஒருவர் நம்முன் வந்து அழுதால், அவரைப் பத்தியிலார் என்கின்றோம்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாற்றில் யான் இப்பொழுது மிகுதியும் நினைப்பது திருவெண்பாக்கத்தை. (அப்பழைய தலம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கிவிட்டது, கோயிலைக் கரையில் அமைத்து வழிபடுகின்றனர்.) சங்கிலியார்க்குச் செய்த சபதம் பிழைத்துத் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தவுடன் சுவாமிகள் இரு கண்ணும் இழந்தார். தம் பிழையால் வந்த துன்பம் என்பதை அவர் அறிவார். அறிந்தும் முறையிட்டார், தோழமை உரிமையாற் கடுஞ்சொல்லும் கூறினார். திருவெண்பாக்கத்தில் இறைவன் கண் கொடுத்தானில்லை. ஓர் ஊன்றுகோல் கொடுத்தான். இடக்கண் காஞ்சித் திருவேகம்பத்தில், வலக்கண் திருவாரூரில். இடைவழியெல்லாம் அக்கோலே துணை. கண் கொடுக்க வல்லவன் கோலைக் கொடுத்தது என்னை என்று மடத்திற் பாடங்கேட்ட நாளில் எங்கள் ஆசிரியரை யான் வினவியதுண்டு. "நடக்கும் வரைக்கும் கோல் வேண்டாமோ?" என்றார் அவர். அவ்வளவே சொன்னார். அன்று அது விடையாகத் தோன்றவில்லை.

துயரைத் திருமுன் சொல்லுதற்கும், துயரையே பற்றிக்கொண்டு தனக்குள் மீளமீளச் சொல்லிக்கொள்ளுதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது கேட்பார் ஒருவரை உடையது. பின்னது எவரும் இல்லாதது. தனித்திருந்து உழன்றுகொண்டிருக்கும் மனம், தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் என்று எதிர்பார்த்தல், சேற்றில் வீழ்ந்தான் தன் குடுமியைத் தானே பிடித்துக் கரையேறுவான் என்பதனோடு ஒக்கும். கேட்கும் அடியார் ஒருவர் கோல். உறக்கம் தரும் மருந்தை அறிந்து தரும் மருத்துவர் ஒரு கோல். 2022 அக்டோபரில் இந்திய அரசினர் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கிடைக்கின்றது. அதுவும் ஒரு கோலே. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும், உயிர்மாய்க்க முயன்றாரை மாறாகத் தெளிவிக்கப்படாதவரை கடுந்துன்பத்தால் நெருக்குண்டவராகவே கொண்டு, தண்டனைக்கு உட்படுத்தாது விடுமாறு விதித்திருக்கின்றது. திலகவதியாரைக் குறைகூறாத சேக்கிழார் உள்ளம் அரசினர் சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது. நம் சபைகளில் இடம்பெறுதற்கு இன்னும் எத்துணைக் காலமோ!

திருவிடைமருதூர்க்குச் செல்லும் அன்பர்கள் கீழைக் கோபுர வாயிலில் பிரமகத்தியின் உருவத்தைக் கண்டிருப்பர். அறியாமல் தன் குதிரைக் காலில் ஓர் அந்தணன் பட்டு இறந்தமையால், வரகுண பாண்டியனை அப்பழி நிழல் போல் தொடர்ந்தது. அவன் அதனோடு கீழை வாயிலிற் புகுந்தான். அது புறத்தே நின்றுவிட, அவன் மேலை வாயில் வழியே வெளிப்போந்தான். மனத்துயர் உடையார் இன்றும் அவ்வாறு ஒரு வாயிலிற் புக்கு மற்றொரு வாயிலிற் போதரும் வழக்கம் உண்டு. அவ்வரலாற்றில் யான் கருதுவது ஒன்று. பழியைக் கழித்துவிட்டுத் தூயனாய்க் கோயிலுக்கு வருவேன் என்று அவ்வரசன் மதுரையிலேயே காத்திருந்தானல்லன். தொடர்ந்து வந்ததனோடுதான் வாயில்வரை வந்தான்.

என் மாணவர்க்கு நிகழ்ந்ததை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் தம்பியார் வழியாக அறிந்தேன். என் இல்லத்திலிருந்து சென்ற பின்னர் அவர் எவரிடமும் ஒன்றும் பேசாதவராயினார், உடல் மெலிந்தார், ஒருநாள் செய்யத் தகாதது செய்யத் துணிந்தவரைத் தம்பியார் கண்டு தடுத்து, அரசினர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருந்தாலும், அங்கே ஒருவர் வாரந்தோறும் இருந்து அவர் சொல்வதைக் கேட்டமையாலும் மெல்ல மெல்லத் தேறினார். நாவுக்கரசர் திங்களூரில் வினவியது போல யான் வினவவில்லை என்பது அன்று எனக்கு விளங்கிற்று. வினவாததோடு நில்லாது, வந்து சொன்னவர் வாயையும் அடைத்துவிட்டேன்.

சென்ற மார்கழியில் யானே அவர் இல்லத்திற்குச் சென்றேன். வரவேற்று அமரச் செய்தார். அன்று யான் கூறியது தவறு என்றேன். "தாங்கள் சொன்னது சரிதான் ஐயா; அந்நாளில் அதனைத் தாங்கும் வலி என்னிடம் இல்லை" என்றார். பின்னர் மனைவியார் மருத்துவமனையிற் கிடந்த அப்பத்து நாளின் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒன்றரை நாழிகைக்கு மேல் ஆயிற்று. யான் இடைமறித்து யாதும் கூறவில்லை. விடைபெறும்போது, "இப்பொழுது பூசை நடைபெறுகின்றதா?" என்று கேட்டேன்.

"முழுதும் இயலவில்லை ஐயா. பெட்டியைத் திறந்து ஒரு பூவும் சிறிது நீரும் மட்டும் சார்த்துகின்றேன். சில நாள் அதுவும் இல்லை" என்றார்.

"எந்தப் பூ?" என்றேன்.

கொல்லைப்புறத்தில் அவர் மனைவியார் வைத்த நந்தியாவட்டைச் செடியைக் காட்டினார்.